எப்போது திரும்புவது?

(எளாவூரில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கடை போடுகிறவர் முதல் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பதோடு நிறுத்துவதில்லை. வியாபாரம் சரிவராவிட்டால் எப்போது கடையைக் கட்டுவது என்றும் கணக்குப் போட்டு வைத்திருப்பார். அந்தக் கணக்கு 1987-ல் டில்லியிடம் இருந்ததா?

அந்த ஆண்டு ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் ஒப்பந்தம் அது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான முஸ்லிம்களைக் கேட்டது யார்? கிழக்கில் வாக்கெடுப்பு நடத்துவதாக எழுதினார்கள், கடைசிவரை நடக்கவேயில்லை.

அமைதி காக்கப் போன படை அக்டோபரில் போரில் இறங்கியது. சில வாரங்களில் யாழ்ப்பாணம் கைக்கு வந்தது. அதே அக்டோபரில் யாழ் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாலை போட்டு வரவேற்ற மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புலிகள் வன்னிக் காட்டுக்குள் போனார்கள். காட்டில் தேடுவதற்கு முடிவு ஏது?

'இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்' என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாருடைய தயவில் இருப்பது? 1989 ஜூனில் பிரேமதாசாவே வெளியேறச் சொல்லிவிட்டார். அவருடைய அரசே புலிகளோடு பேசியது, ஆயுதமும் கொடுத்தது! சுமார் 1,200 இந்திய வீரர்களைப் பலிகொடுத்து, 1990 மார்ச் 24-ல் கடைசி அணியும் கப்பலேறியது. ஊர்ப் பையன்களைப் பலவந்தமாகப் பிடித்து உருவாக்கிய 'தமிழ்த் தேசிய இராணுவம்' வெயிலில் வைத்த பனிக்கட்டியாகக் கரைந்தது. அதன் ஆயுதங்களும் புலிகளிடமே போய்ச் சேர்ந்தன.

காலம் நீடித்தால் வெற்றி வருமா? அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டு இருந்து பார்த்தது. 2021 ஆகஸ்டில் அதன் கடைசிச் சிப்பாய் விமானம் ஏறும் முன்பே காபூல் விழுந்துவிட்டது.

'2009-ல் இராணுவம்தானே முடித்தது?' என்பீர்கள். அது அந்த நாட்டின் சொந்த இராணுவம். திரும்பிப் போக அதற்கு வேறு ஊர் இல்லை. அதற்கு விலையாகப் போன அப்பாவி உயிர்களோ ஆயிரமாயிரம். ஒப்பந்தத்தின் பேரில் வந்த 13-ஆவது திருத்தத்தின் காவல், நில அதிகாரங்கள் இன்னமும் மாகாணங்களுக்கு முழுமையாக வந்தபாடில்லை.

படை திரும்பிய அதே 1990-ல் என்ன நடந்தது? ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை அடியோடு விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கடையும் சரக்கும் வைத்திருந்த வணிகர்கள் கைப்பையோடு நடந்தார்கள். ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று ஒரு வரி பாதுகாப்பாவது இருந்ததா?

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து சிறிது தூரத்தில், கும்மிடிப்பூண்டியில், அந்தப் போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து பெரியவர்களானவர்கள் நம் பக்கத்து ஆலைகளில் வேலை செய்கிறார்கள், நம் கடைகளில் சாமான் வாங்குகிறார்கள். அடுத்த முறை கல்லாவில் சில்லறை கொடுக்கும்போது கேட்டுப் பாருங்கள், அவர்கள் எப்போது ஊர் திரும்புகிறார்கள் என்று.