கொத்தனாருக்கு முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு அம்மா எழுந்து, "மராமத்து வேலைக்குப் பாதிப் பணத்தை முதலிலேயே கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லிக் கலைந்துவிட்டோம். அதைப் பற்றி இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருந்தவன். அந்த ஒரு தகுதிதான் எனக்கு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்து வந்த மாதங்களில் ஓடு மாற்றவும் ஷீட் போடவும் ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. என் வீட்டில் மாடித் தளம் ஒழுகியது, கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் விழுந்திருந்தது. வெளியூர் மேஸ்திரி ஒருவர் கூலி 40,000 ரூபாய் என்று பேசி, 25,000 முன்பணம் கேட்டார். ஆள் கிடைத்ததே போதும் என்று கொடுத்தேன். இரண்டு நாள் வந்து பழைய பூச்சை உடைத்துப் போட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆளும் இல்லை, போனும் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் பொறுத்துத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் ஒளியவில்லை. "சார், முந்தின வீட்டில் எனக்குப் பாக்கி நிற்கிறது. சனிக்கிழமை ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சம்பளம் கொடுக்கணும். உங்க பணத்தை எடுத்து அவங்களுக்குக் கொடுத்துட்டேன். இப்ப உங்க வேலைக்கு ஆள் வைக்கக் கையில காசு இல்ல" என்றார்.

அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் முன்பணம் என் வீட்டு வேலைக்குப் போகவில்லை. முன்னால் ஒரு வீட்டுக்காரர் கொடுக்காமல் விட்ட பாக்கியை அடைக்கப் போனது. ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பிரச்சினை இந்தச் சங்கிலிதான். அதனால் என் பதில் இது: வேலைக்கு முன்னால் வேலையின் பணத்தைக் கொடுக்காதீர்கள், வேலை முடிந்தபின் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சரி.

எப்படிச் செய்வது? முதலில் பொருளையும் கூலியையும் பிரித்துவிடுங்கள். சிமெண்ட், கம்பி, மணல், பெயிண்ட் எதுவானாலும் கடைக்கு நாமே நேரில் பணம் கட்டி, நம் பெயரில் பில் வாங்கிக்கொள்ளலாம். "சாமான் வாங்கணும்" என்று கேட்கும் பெரிய முன்பணத்துக்கு அப்போதே தேவை இல்லாமல் போகும்.

கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். உதாரணத்துக்கு, தளம் பழுதுபார்க்கக் கூலி 60,000 என்று வைத்துக்கொள்வோம். நாள் குறிக்கும்போது 6,000. உடைத்து, கம்பியின் துருவைச் சுத்தம் செய்ததும் 18,000. கான்கிரீட் போட்டதும் 18,000. பூச்சு முடிந்ததும் 12,000. மிச்சம் 6,000 கடைசியில். இது புது யோசனை இல்லை. பிரதமர் வீடு கட்டும் திட்டமானாலும் கலைஞரின் கனவு இல்லமானாலும், அரசு மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தருவதில்லை. வேலை எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த தவணை வருகிறது. அரசாங்கம் காட்டும் ஜாக்கிரதையை நாம் காட்டினால் தப்பில்லை.

அந்தக் கடைசி 6,000 நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். இங்கே உப்புக் காற்று. பல இடங்களில் போரைப் போட்டால் உவர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழும். நல்ல தண்ணீர் கொண்டுவருவது கூடுதல் வேலை. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பரவலாக வரும் பிபிசி சிமெண்ட் என்றால் 10 நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைக்க வேண்டும். முழுப் பணமும் கை மாறிவிட்டால் இதற்கெல்லாம் யார் வந்து நிற்பார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெருமழை பெய்து, தளம் ஒழுகவில்லை என்று பார்த்தபின் மிச்சத்தைக் கொடுப்பதாக முதலிலேயே பேசி வையுங்கள். பேசாமல் கடைசியில் பிடித்துவைப்பது நியாயம் இல்லை.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டிய வேலையும் உண்டு. ஜன்னல் கிரில், நிலைக்கதவு, அளவெடுத்துச் செய்யும் அலமாரி. நமக்கென்று அறுத்த மரத்தை அவர் வேறு யாருக்கு விற்பார்? அங்கே பாதி கேட்டால் அது நியாயமான கேள்வி. அளவு, மரத்தின் வகை, தரும் தேதி எல்லாம் எழுதிய ரசீதோடு கொடுங்கள்.

எழுதுவது என்றால் பத்திரம் வேண்டாம். ஒரு நோட்டுத் தாளில் என்ன வேலை, மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் சேவைதான். பிரச்சினை வந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் கையில் தாள் இல்லாமல் எங்கே போனாலும் வாய்ப்பேச்சுதான்.

முடிக்கும் முன் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை முடிந்தபின் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நாம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்? அந்தச் சனிக்கிழமை ஒரு சித்தாள் வீட்டில் அடுப்பு எரிய யோசித்திருப்பார்கள். அந்த மேஸ்திரி அடுத்த வீட்டில் பெரிய முன்பணம் கேட்டிருப்பார். அந்த அடுத்த வீடு இங்கே உட்கார்ந்திருக்கும் யாருடையதாகவும் இருக்கலாம்.

எனவே ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். நல்ல வேலை செய்த கொத்தனார், ஆசாரி, எலெக்ட்ரீசியன், பிளம்பர் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, உறுப்பினர்கள் எழுதட்டும். அவர்களுக்கும் நாம் ஒரு வாக்குக் கொடுப்போம்: நம் சங்கத்து வீட்டில் வேலை செய்தால் பேசிய கட்டத்தில் பேசிய பணம் வரும். அந்தப் பெயரை நாம் எடுத்துவிட்டால், பாதிப் பணம் முதலில் வேண்டும் என்று கேட்பவர்கள் தானாகவே குறைவார்கள்.

என் வீட்டுத் தளம் இப்போது ஒழுகவில்லை. முடித்துக் கொடுத்தது அதே மேஸ்திரிதான். இந்த முறை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொடுத்தேன்.