முயலகனும் மூளையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



மூளை, நரம்பு என்பவற்றைப் பற்றிய நோய்களைப் பொதுமக்களுக்கு எடுத்து விளக்கும் பணியிலே மாணாக்கர் எவ்வாறு ஈடுபடலாம் என்பதுபற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். பொருளோ பெரிது, எனக்குக் கிடைத்த நேரமோ சிறிது. ஆதலால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதனைக் கொண்டே அப்பணியின் அவசியத்தையும் முறையையும் காட்ட முயல்வேன். அந்த நோய் வலிப்பு. நம்மூரிலே காக்கை வலிப்பு என்று சொல்வார்கள்.

நடராசப் பெருமானின் திருவுருவத்தை நாம் எல்லோரும் எத்தனையோ தடவை தரிசித்திருக்கின்றோம். ஊன்றிய திருவடியின் கீழே குறுகிய வடிவினன் ஒருவன் கிடக்கின்றான். அவனைத் தமிழிலே முயலகன் என்றும், வடமொழியிலே அபஸ்மாரன் என்றும் சொல்வர். அபஸ்மாரம் என்பதற்கு நினைவு நீங்குதல் என்பது பொருள். சரக சங்கிதை முதலிய ஆயுர்வேத நூல்களிலே வலிப்பு நோய்க்கு வழங்கும் பெயரும் அதுவே. தமிழிலும் முயலகன் என்பது ஒரு நோயின் பெயராக வழங்கியது. கொல்லிமழவன் என்னும் அரசனின் மகள் முயலகன் என்னும் நோயினால் வருந்தியதையும், தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலிலே கொண்டுவந்து கிடத்தியதையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தருளியதையும் பெரியபுராணத்திலே படிக்கின்றோம்.

நான் மிஷன் பாடசாலையிலே கல்வி கற்றவன். அங்கே மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பாடமாகப் படித்தோம். அதிலும் ஒரு தகப்பன் வருகின்றான். அவனுடைய மகன் வாயில் நுரை தள்ளி விழுகின்றவன். பலமுறை தீயிலும் நீரிலும் விழுந்தவன். அந்தப் பிள்ளையை அவன் பெருங்கூட்டத்தின் நடுவே இயேசுநாதரிடம் கொண்டுவருகின்றான். 1520 இல் மறைந்த இத்தாலிய ஓவியர் இரஃபேல் தம் கடைசிப் பெரும்படத்திலே அந்தப் பிள்ளையையும் தகப்பனையும் தீட்டியிருக்கின்றார்.

இவ்விரு வரலாறுகளையும் பக்கத்திலே வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒற்றுமை தெரிகின்றது. அந்த அரசனும் சரி, அந்த ஏழைத் தகப்பனும் சரி, நோயுற்ற பிள்ளையை வீட்டினுள்ளே பூட்டி மறைத்து வைக்கவில்லை. ஒருவன் சந்நிதிக்குக் கொண்டுவந்தான். மற்றவன் சனக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தான். நாமோ மறைக்கின்றோம். வலிப்பு வந்த பெண்பிள்ளையின் படிப்பு நிற்கின்றது. கலியாணப் பேச்சு வரும்போது நோயின் பெயரே வாயிலே வருவதில்லை. மணமான பின்னர், புகுந்த வீட்டார் அறிந்துவிடுவார்களே என்று அஞ்சி அவள் மாத்திரையை நிறுத்துகின்றாள். மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அடுப்படியிலோ கிணற்றடியிலோ அது வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்தை வருவிப்பது பாதி நோய். மறுபாதி நமது வாய்ப்பேச்சு.

இனி, நோய் என்ன என்று பார்ப்போம். கிறிஸ்துவுக்கு முன் ஏறக்குறைய 400 ஆம் ஆண்டளவிலே, கிரேக்க தேசத்து ஹிப்போகிரட்டிஸ் மரபினர் எழுதிய நூல் ஒன்று, 'புனித நோய்' என்று பேர்பெற்ற இந்நோய் மற்ற நோய்களைக் காட்டிலும் எவ்விதத்திலும் தெய்வீகமானதன்று என்றும், இதன் பிறப்பிடம் மூளையே என்றும் வாதிட்டது. அவ்வுண்மை நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1873 இல் இலண்டனிலே ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் வைத்தியர், மூளையின் சாம்பல் நிறப் பகுதியிலே திடீரென்று அளவுமிஞ்சி எழும் வெளியேற்றமே வலிப்பு என்று வரையறுத்தார். 1929 இல் ஜேர்மனியரான ஹான்ஸ் பேர்கர், மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிந்து வெளியிட்டார். அன்றுமுதல் அந்த வெளியேற்றத்தைக் கண்ணாலே காணும் வழி பிறந்தது.

நமது மூளையிலே ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை மிக நுண்ணிய மின்துடிப்புக்களால் ஒன்றோடொன்று பேசுகின்றன. திருவிழாவிலே பல தவில்கள் கூடி ஒலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் அடங்கி, முறைமாற்றி வாசிப்பதனாலேதான் அது வாத்தியமாகின்றது. முறை தவறி அத்தனை தவிலும் ஒரே வேளையிலே, ஒரே அடியை, ஓயாமல் அடித்தால் என்ன ஆகும்? பாட்டு நின்றுவிடும், இரைச்சலே எஞ்சும். மூளையின் கலங்கள் அவ்வாறு ஒருங்கே துடிப்பதே வலிப்பு. அந்த இரைச்சல் மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பி, உடல் விறைத்து வெட்டும். ஒரு பகுதியோடு அடங்கினால் ஒரு கை மாத்திரம் துடிக்கலாம். சில பிள்ளைகளுக்கோ துடிப்பே இல்லை. சில விநாடி கண் வெறித்து நின்று, பின்னர் ஒன்றும் நடவாததுபோலத் தொடர்வார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைப் பராக்குப் பார்க்கின்றான் என்று ஆசிரியர் தண்டிப்பதும் உண்டு.

பிறப்பின்போது மூளைக்கு நேர்ந்த சேதம், தலையில் அடி, மூளையைத் தாக்கும் கிருமிநோய், பாரிசவாதம், கட்டி, பரம்பரைக் கூறு என்று காரணங்கள் பல. பலரிடத்திலே காரணம் இன்னதென்று புலப்படுவதுமில்லை. ஆனால் இது தொற்றுநோயன்று. வாய்நுரை பட்டால் ஒட்டும் என்பது பொய்.

மருந்து உண்டா என்றால், உண்டு. 1857 இல் புரோமைட்டு உப்பும், 1912 இல் பீனோபார்பிற்றோனும், 1938 இல் பெனிற்றோயினும் வலிப்பை அடக்க வல்லவை என்று அறியப்பட்டன. பின்னர் வேறு பலவும் வந்தன. உலக சுகாதார தாபனத்தின் கணக்குப்படி உலகிலே ஏறக்குறைய 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர்வரை செல்வங் குறைந்த நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் வாழ்கின்றார்கள். தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அத்தாபனம் கூறுகின்றது. நம் நாட்டிலே அரசினர் வைத்தியசாலையிலே சிகிச்சைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஒரு பிள்ளை சிகிச்சையின்றி இருக்குமாயின், அப்பிள்ளைக்கும் வைத்தியசாலைக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் அறியாமையும் வெட்கமுமே.

இவ்விடத்திலேதான் மாணாக்கருக்கு வேலை இருக்கின்றது. சிறியவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்களாயின் ஓர் உதாரணம் சொல்வேன். கனடா தேசத்து நோவா ஸ்கோஷியா மாகாணத்திலே, வலிப்பு நோயுள்ள ஒரு பாடசாலைச் சிறுமி, தன்னைப்போல் உள்ளவர்கள் தனித்தவர்களல்லர் என்று உலகுக்கு அறிவிக்க விரும்பினாள். மார்ச் 26 ஆம் நாள் ஊதா நிற உடை அணிந்து இந்நோயைப் பற்றிப் பேசுவோம் என்று 2008 இல் அவள் தொடங்கிய முயற்சி இன்று பல தேசங்களிலே கொண்டாடப்படுகின்றது.

நமது யாழ்ப்பாணத்திலும் முன்மாதிரி உண்டு. 1847 ஆம் ஆண்டிலே இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயிலே தங்கி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தம் மாணாக்கரின் துணையோடு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அதே ஆண்டின் இறுதி நாளிலே ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். ஒருவர் சமயத்தால் கிறிஸ்தவர், மற்றவர் சைவர். ஆயினும், அறிந்ததை எல்லோருக்கும் விளங்கும் தமிழிலே சொல்ல வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அவ்விருவர் வழியும் நமக்கு உரியதே.

ஆகவே நமது சங்கத்து மாணவ அங்கத்தவர்கள் இவ்வாண்டிலே செய்யத்தக்க சிலவற்றை விண்ணப்பித்துக்கொள்கின்றேன்.

முதலாவது, ஒரு குழு ஒரு நோயையே எடுக்க வேண்டும். வலிப்பை ஒரு குழுவும், பாரிசவாதத்தை ஒரு குழுவும், முதியோரின் மறதி நோயை ஒரு குழுவுமாகப் பகிர்ந்துகொள்ளலாம். எழுதியதை ஒரு வைத்தியரிடம் காட்டித் திருத்திய பின்னரே சபையேற வேண்டும். அரைகுறை அறிவு அறியாமையிலும் கேடானது.

இரண்டாவது, படத்தோடும் செயலோடும் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தவருக்கு என்ன செய்வது என்பதை ஒரு மாணவன் பாயிலே படுத்திருக்க, மற்றொருவன் செய்து காட்டலாம். அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுக. தலையின்கீழ் மெத்தென ஏதேனும் வைக்குக. கழுத்துப் பொத்தானைத் தளர்த்துக. துடிப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துவிடுக. கையிலே திறப்பையோ இரும்பையோ திணிப்பதால் பயனில்லை. வாயினுள்ளே கரண்டியோ விரலோ நுழைத்தால் பல்லும் உடையும், மூச்சும் அடைக்கும். நன்றாகத் தெளியுமுன் தண்ணீர் பருக்கலாகாது. கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கலாகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியுமுன் மீண்டும் வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது, நமது வாழ்க்கையோடு பொருத்திச் சொல்ல வேண்டும். நித்திரை குறைந்தால் பலருக்கு வலிப்பு வரும். ஆதலால் சிவராத்திரியிலே கண்விழிக்குமுன் நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்பது நன்று. விரத நாளாயினும் மாத்திரை தவறலாகாது. மணம் பேசும் பெண் மருந்தை நிறுத்தாமல், வைத்தியரிடமே போக வேண்டும். சில மருந்துகள் கருவிலுள்ள பிள்ளைக்கு ஆகா என்பதனால், அவற்றுக்குப் பதிலாக வேறு மருந்தை அவரே முன்கூட்டித் தெரிந்து கொடுப்பார். இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்திலே 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நோயையும் மணத்துக்குத் தடையாகச் சேர்த்தது; 1999 இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது. சம்பந்தம் பேசும் நாமும் திருந்தலாம்.

நான்காவது, நோயாளரைக் காட்சிப்பொருளாக்கி மேடையேற்றக் கூடாது. 'வலிப்புக்காரன்' என்னும் சொல்லும் நமது நாவிலிருந்து நீங்க வேண்டும். வாசலிலே ஒரு பெட்டி வைத்து, பெயரெழுதாத துண்டுகளிலே கேள்விகளை வாங்கினால், வெட்கத்தினால் வாயடைத்த தாயும் கேட்பாள். அந்தப் பெட்டியிலே ஒரு துண்டு விழுந்தாலும் நமது முயற்சி வீணாகாது.

இவ்வளவும் சொன்னதனால் நான் கோயிலையும் பிரார்த்தனையையும் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ணலாகாது. திருநீறு பூசுங்கள், அருச்சனை செய்யுங்கள், அதனோடு மாத்திரையையும் கொடுங்கள். இரண்டுக்கும் பகையில்லை. நோயைத் தெய்வக் குற்றம் என்று சொல்லி, நோயுற்ற பிள்ளையைக் குற்றவாளியாக்குவதே பகை.

பெரியோர்களே, கூத்தப்பிரான் தம் திருவடியின் கீழ் அடக்கி வைத்திருப்பது முயலகனை. நோயையும் அறியாமையையும் அடக்கி வைத்திருக்கின்றார் என்றும் நாம் கொள்ளலாம். நோயாளியையன்று. நாமோ அறியாமையைத் தோளிலே சுமந்துகொண்டு, நோயாளியைக் காலின் கீழ் வைத்திருக்கின்றோம். இதனை மாற்றுவது நமது வாலிபருக்கு அரிய காரியமன்று. வரும் திருவிழாவிலே கோயில் வீதியில் ஒரு பந்தலும், ஒரு மேசையும், நான்கு படங்களும், நன்றாகக் கற்றுத் தேர்ந்த இரண்டு மாணவர்களும் இருந்தாற் போதும். அதற்குச் சங்கத்துப் பெரியோர் ஆசியும் அனுமதியும் தருவார்கள் என்னும் நம்பிக்கை எனக்கு உண்டு.