செம்புரைக்கல்லும் சுண்ணமும்



பழங்கட்டடங்களின் ஜீரணத்தைப் பற்றியும் அவற்றைக் காக்கும் முறையைப் பற்றியும் பேசப் பணிக்கப்பெற்ற யான், பல ஆலயங்களைத் தொட்டுச் செல்வதினும் ஓர் ஆலயத்தின் முன் நின்று பேசுவதே பயனுடைத்தென்று கருதிப் பழைய கோவாவின் பொம் ஜீசஸ் பேராலயத்தை எடுத்துக்கொண்டேன். 1594-இல் தொடங்கப்பெற்று 1605-இல் அபிஷேகம் பெற்ற அவ்வாலயம், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த புனித சவேரியாரின் திருவுடலைத் தாங்கி நிற்பதால், நம் கடற்கரை மக்களுக்கு அந்நியமானதன்று.

அதன் சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. பூமிக்குள் இருக்கும்போது கோடரிக்கு இணங்கும் அளவுக்கு மிருதுவாக இருந்து, வெட்டியெடுத்துக் காற்றில் உலர்த்திய பின் இறுகிவிடும் ஸ்வபாவம் உடையது அக்கல். இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளே அதற்கு வலிமை தருவன. ஆயினும் அதன் உடலெங்கும் புழைகள் ஓடுகின்றன, அப்புழைகளில் களிமண் அடைந்து கிடக்கிறது. நீர் புகுந்தால் முதலில் கரைந்து வெளியேறுவது அக்களிமண்ணே. புழை பெரிதாகும், அடுத்த மழையில் இன்னும் அதிகமாக நீர் புகும், பாசி பற்றும், நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழ, இறுகிய மேற்புறமும் செதிள் செதிளாக உதிரும். மழைக்காலம் கழிந்தபின் சுவரோரம் நின்று கல்லை விரலால் வருடிப் பார்த்தால் செந்தூள் ஒட்டிக்கொள்வதையும், சிற்ப வேலைக்கென்று வசாயிலிருந்து கொண்டுவந்து பதித்த கரிய எரிமலைக்கல் மட்டும் விளிம்பு மழுங்காது நிற்பதையும் காணலாம்.

இவ்வியல்பை நன்கறிந்த பழைய கொத்தர்கள் செம்புரைக்கல்லை வெறுமையாக விட்டாரல்லர்; அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசினர். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாகும்போது, வெளிமழையைத் தடுத்தும் உள்ளீரத்தை ஆவியாக வெளியே விட்டும், காலப்போக்கில் கல்லுக்குப் பதிலாகத் தானே தேய்ந்து மாள்கிறது. ஓலைக்கூரையை மீண்டும் மீண்டும் வேய்வதுபோல அதனையும் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். அது குறையன்று, அந்தக் கட்டுமானத்தின் விதியே அதுதான்.

இவ்விதி 1950-களில் மீறப்பட்டது. பல்தசார் காஸ்ட்ரோ என்னும் போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில், ஆலயத்துக்குப் பழமைத் தோற்றம் தரவேண்டுமென்ற எண்ணத்தால், வெளிப்புறக் காரை முழுவதும் உரித்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு மறைவில் வாழ்ந்த கல், ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் பெய்யும் மழைக்குத் திடீரென முகம் கொடுக்க நேர்ந்தது. காப்பிழந்த செம்புரைக்கல்லின் கதி என்ன என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை: 1835-க்குப் பின் கைவிடப்பட்ட அருகிலுள்ள அகுஸ்தீனார் ஆலயத்தில் 1842-இல் விதானம் இடிந்தது; 1931-இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் வீழ்ந்தன.

மீண்டும் காரை பூசலாமா என்று கேட்டால், செந்நிற முகப்பே உலகம் அறிந்த ரூபம் என்றும், 1986-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோதும் அது அவ்வாறே இருந்ததென்றும் சொல்லி மறுப்பாருளர். அவர்தம் அன்பை யான் மதிக்கிறேன். எனினும், கட்டியவர்கள் ஒருநாளும் நினையாத ஒரு தோற்றத்தைக் காக்கும்பொருட்டு, கட்டியவர்கள் அடுக்கிய கல்லையே இழக்கத் துணிவதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க இயலவில்லை. பூசத்தான் வேண்டும், தாமதியாமல் பூசவேண்டும்.

ஆனால் சிமெண்டால் பூசுவது பெருந்தீங்கு. கல்லைவிடக் கடினமான அப்பூச்சு, ஈரத்தை உள்ளே சிறைவைத்து, உப்பைக் கல்லின் புழைகளிலேயே படிகமாக்கி, பின்னர் கல்லின் மேற்புறத்தையும் பெயர்த்துக்கொண்டே விழும். ஆகவே முதலில் கூரையின் கசிவையும் நீர்த்தாரைகளையும் சீர்செய்து, பாசியை அகற்றி, ஒரு சுவரில் சுண்ணக் கலவையின் மாதிரிகளைப் பூசிப் பார்த்து, ஒரு மழைக்காலத்தை அவை தாங்கிய பின்னரே முகப்பில் கைவைக்கவேண்டும். சுண்ணம் மெல்ல இறுகும் பொருள். வெயில் உறிஞ்சிவிடாதபடி நனைத்த சாக்கைப் போர்த்திக் காக்கவேண்டும். மழை ஓய்ந்த கார்த்திகையில் தொடங்கும் வேலை வைகாசி பிறக்குமுன் முடிந்தாக வேண்டுமாதலின், சுண்ணாம்பு ஊறவைக்கும் தொட்டிகளை அதற்கு முந்திய ஆண்டிலேயே நிரப்பிவைப்பது அவசியம்.