அந்த ஒரு மணி நேரம்

இன்று முதல் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளப் போகும் இளம் நண்பர்களே!

அந்த ‘டாக்டர்’ பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். 2020-இல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. அடிக்கடி வெந்நீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்குள் போய்ச் செத்துவிடுமாம்; ‘ஒரு பெரிய டாக்டர் சொன்னது.’ எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பது வருடமாக வைத்தியம் பார்க்கும் எனக்கே அதை அனுப்பிவைத்தார் என் சித்தி!

இனி வேறொரு டாக்டர். 2019 டிசம்பர் 30. சீனாவின் வூகான் மத்திய மருத்துவமனைக் கண் மருத்துவர் லீ வென்லியாங், தன்னோடு படித்தவர்களின் வீசாட் குழுவில் எழுதினார்: கடலுணவுச் சந்தையோடு தொடர்புள்ள ஏழு பேருக்கு சார்ஸ் உறுதியாகியிருக்கிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் அவரே மறுபடி எழுதினார்: கொரோனா வைரஸ் என்பது உறுதி, எந்த வகை என்று இன்னும் பார்க்கிறார்கள். வெளியே பரப்ப வேண்டாம், வீட்டாரைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

யார் கேட்டார்கள்? ஸ்கிரீன்ஷாட்டுகள் அவர் பெயரோடு சுற்றின. ஜனவரி 3 அன்று காவல்துறை அழைத்து, உண்மையற்றதைச் சொன்னதாக ஒரு கண்டனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. பிறகு கிளாக்கோமா நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை அளித்தபோது அவருக்கும் அந்த வைரஸ் தொற்றிக்கொண்டது. பிப்ரவரி 7-இல் இறந்தார். கண்டனத்தை மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள்.

நோயின் பெயரைத் தவறாகச் சொன்னார், ஆபத்தைச் சரியாகச் சொன்னார். அவருடைய துணிச்சலை எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஒரு மணி நேரம். விவரம் மாறியதும், அதே குழுவில், அதே நண்பர்களிடம் மாற்றிச் சொன்னார். நம் துறையில் பேர்பெற்ற பலருக்கு அது இன்றும் கைவரவில்லை.

அடுத்த கொள்ளைநோய் வரும்போது நீங்கள் வார்டில் நிற்பீர்கள். எழுதுங்கள், பயப்படாதீர்கள். இன்ன தேதி, இன்ன மணி வரை தெரிந்தது இவ்வளவு என்று போடுங்கள். நோயாளியின் அடையாளம் வெளியே போகக் கூடாது. தப்பாகிவிட்டால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதற்குக் கீழேயே திருத்தி எழுதுங்கள்.

இப்போது போய் அம்மா அப்பாவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள்.