சோம்பலா? சூழலா?

நடுவர் அவர்களே! உதவித்தொகையை விட்டுக் குடும்பங்கள் வெளியே வர முடியாததற்குக் காரணம் சோம்பல்தான் என்றார் எதிரணிச் சகோதரி. கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், தமிழுக்காக!

பிலிப்பைன்ஸைப் பாருங்கள் என்றார். பார்ப்போம். 2008-இல் வந்த திட்டம். பணம் உண்டு, ஆனா பிள்ளை நூற்றுக்கு 85 நாளாவது பள்ளிக்கூடம் போகணும், கர்ப்பிணி மருத்துவப் பரிசோதனைக்குப் போகணும். 2019-இல் சட்டமே போட்டு, பொதுவாக ஏழு வருஷம்தான் என்று வரம்பும் வைத்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் சொன்ன குறைந்தபட்சத் தொகை மாதம் 300 பெசோ. நம்ம கணக்கில் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. இதை வச்சுக்கிட்டு ஒருத்தன் சோம்பேறியா இருக்கணும்னா, ஐயா, அதுக்கே தனித் திறமை வேணும்!

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழு வருஷம் கழிச்சு என்ன வயசு? பதின்மூன்று. சம்பாதிக்கிற வயசா அது? பணம் கொடுத்தது பிள்ளை படிக்க, "இன்னும் முன்னேறலையா?" என்று கேட்பது அப்பனை. அவனுக்கு நிலையான கூலியே கிடையாது.

கூலி இருந்தாலும் புயல் விடுமா? 2013 நவம்பரில் ஹையான் அடித்தது. ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். தென்னை கோடிக்கணக்கில் சாய்ந்தது. தேங்காய் வெட்டிப் பிழைத்தவன் புதுக் கன்று வைத்தான். நெட்டைத் தென்னை காய்க்க எத்தனை வருஷம்? ஆறு, ஏழு! மரத்துக்கே அவ்வளவு ஆகுது.

அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் அந்தத் தோப்புக்காரனைச் சோம்பேறி என்று சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்டுக்கிறேன்.