பொதுச் சுகாதாரமும் அண்டை வீட்டார் உரிமையும்

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மழைக்காலம் வந்துவிட்டால் நம் தெருக்களில் சிலர் டார்ச் விளக்கும் பதிவேடுமாக வீடு வீடாக ஏறி இறங்குவதைக் காண்கிறோம். தொட்டிக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள். சுகாதார ஆய்வாளரும் அவருடன் வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களுமே அவர்கள். “அபராதம் போட வருகிறார்கள்” என்று கதவைச் சாத்துவோரும் உண்டு. அவர்களுடைய பணியில் மார்க்கம் போதிக்கும் நீதி எங்கே இருக்கிறது என்பதையே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு உறவினர்கள் வாழும் கடையநல்லூரில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவிய ஆண்டு அது. அவ்வாண்டில் தமிழகத்தில் 12,000க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகவும், 66 பேர் உயிரிழந்ததாகவும் அரசுக் கணக்கு கூறுகிறது. இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் சேமித்து வைக்கும் தெளிந்த நீரில்தான் வளர்கிறது. பெரும்பாலும் பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ எட்டு அல்லது பத்து நாள்கள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும், பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் உயிர் பெறும். ஆதலால்தான் தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

அன்பர்களே! கொசு செல்வர், வறியவர் என்று பார்ப்பதில்லை. ஆனால் நோயின் சுமை சமமாக விழுவதில்லை. வீட்டில் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் உள்ளவர் தண்ணீரைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. தேரிக்காட்டு ஓரத்து வறண்ட பூமியில், தெருக்குழாயை நம்பி வாழும் குடும்பமோ டிரம்மிலும் குடத்திலும் நாள்கணக்கில் பிடித்து வைத்தே தீரவேண்டும். டெங்குவுக்கென்று தனி மருந்து இல்லை. ஓய்வு, நீராகாரம், மருத்துவரின் கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சை. காய்ச்சல் தணியும் நாளில்தான் ஆபத்து அதிகம். காய்ச்சல் விட்டதென்று கூலிக்குச் செல்பவர் அந்த நாளில் ஓய்வெடுப்பது எப்படி?

ஆகவே, எல்லா வீட்டையும் ஒரே விதமாக நடத்துவது சமம். அவரவர் நிலையறிந்து நடத்துவதே நீதி. இது நமக்குப் புதிய பாடமன்று. தொழுகைக்கு ஒளூவைக் கடமையாக்கிய ஷரீஅத், தண்ணீர் கிடைக்காதவருக்குத் தயம்முமை வழங்கியது. தொழுகையைத் தள்ளுபடி செய்யவில்லை; வழியை மாற்றித் தந்தது. நல்ல சுகாதார ஆய்வாளரும் அவ்வாறே செய்கிறார். ஏழை வீட்டு டிரம்மில் புழுவைக் கண்டால், “தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?” என்று முதலில் கேட்கிறார். துணியால் வாய்கட்டக் கற்றுத் தருகிறார். அபேட் மருந்தை ஊற்றுகிறார். மறுவாரமும் அவ்வீட்டுக்கே வருகிறார். வாடகை வீட்டின் மேல்தொட்டிக்கு மூடி இல்லையென்றால் குடியிருப்பவரைக் கடிந்துகொள்ளாமல், வீட்டு உரிமையாளரைத் தேடுகிறார். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு ஒழிப்புக்காக அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரத்தை வழங்கியுள்ளது. அந்த அதிகாரம் வலியவர் வாசலிலும் எளியவர் வாசலிலும் ஒன்றுபோல் நிற்கவேண்டும்.

நம் முன்னோர் வணிகம் செய்த இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுதோறும் செல்லும் முறை அங்கே வேரூன்றியது. மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்றளித்தது. கடைக்கோடி வீட்டை விட்டுவிட்டு எந்த நாடும் இத்தகைய நோயை ஒழித்ததில்லை.

இனி நம் பொறுப்புக்கு வருவோம். குடும்பத்தோடு சென்னையிலும் வளைகுடாவிலும் வாழ்வோரின் வீடுகள் இங்கே பூட்டிக் கிடக்கின்றன. மூடியில்லாத மேல்தொட்டியிலும், முற்றத்துப் பூந்தொட்டியிலும் மழைநீர் தேங்குகிறது. ஆய்வாளர் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார். உள்ளே பிறந்த கொசு, ஓலைக் குடிசையில் உறங்கும் அண்டை வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது. எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் முழு ஈமான் கொண்டவரல்லர் என்பது நபிமொழியின் கருத்து. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், தண்ணீர்ப் பைகளின் வாயைக் கட்டிவைக்கவும் கற்றுத்தந்த மார்க்கமும் நம்முடையதே.

எனவே வெளியூர் செல்வோர் சாவியை உறவினரிடமோ ஜமாஅத் அலுவலகத்திலோ ஒப்படைத்து, வாரம் ஒருமுறை வீட்டைத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வாடகைக்கு விட்டிருப்போர் தொட்டிக்கு மூடி போடுங்கள். பைத்துல்மாலிலிருந்து வறிய வீடுகளுக்கு, எச்சமயத்தவராயினும், மூடியுள்ள டிரம் வாங்கிக் கொடுப்பது சிறந்த தர்மம். பள்ளியின் ஹவ்ழையும், கப்ருஸ்தானில் கிடக்கும் சிரட்டை, டப்பாக்களையும் நாமே முதலில் சுத்தம் செய்வோம். காய்ச்சல் கண்டவர் மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லட்டும். கூலிக்குச் செல்ல முடியாத அந்த நாள்களில் அக்குடும்பத்தின் அடுப்பு எரிவதை நாம் பார்த்துக்கொள்வோம்.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இறந்தபோது, அச்செய்தியைப் பொருட்டாக எண்ணாமல் தோழர்கள் நபியவர்களிடம் சொல்லாதிருந்தனர். நபி (ஸல்) அவர்களோ விசாரித்தறிந்து, அவருடைய கப்ருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். நம் வாசலுக்கு வரும் அந்தத் தினக்கூலிப் பணியாளருக்கு ஒரு குவளை தண்ணீரும், ஒரு நல்ல சொல்லும், திறந்த கதவும் கொடுப்போமாக!

நோயற்ற வாழ்வையும், அண்டை வீட்டார் உரிமையைப் பேணும் நற்பண்பையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.