உறங்கும் இழைகளும் விழிக்கும் நேரமும்



கணிப்பொறியில் ஒரே நிரல் பல வேலைகளை ஒருங்கே செய்வதுண்டு. அவ்வேலைகள் ஒவ்வொன்றும் ஓர் இழையாக ஓடுகிறது. ஓர் இழைக்குச் சற்று நேரம் வேலை இல்லையெனில், "1 மில்லி விநாடி உறங்குக" என்று கட்டளை எழுதுகிறோம். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. ஆகவே, 1,000 முறை உறங்கினால் 1 விநாடி ஆகும் என்று நீங்கள் கணக்கிடுவீர்கள். கணக்கில் குற்றமில்லை. ஆயினும் விண்டோஸில் 15 விநாடிக்கு மேலும் ஆகக்கூடும்!

காரணம் யாது? பாடம் முடிந்தாலும் சேவகர் மணியடித்தாலன்றி வகுப்புக் கலைவதில்லை. கணிப்பொறிக்குள்ளும் ஒரு மணி உண்டு. விண்டோஸில் இயல்பாக அது விநாடிக்கு 64 முறை, அதாவது 15.625 மில்லி விநாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. உறங்கும் இழை அந்த மணிக்குத்தான் விழிக்கும். 'டைம்பிகின்பீரியட்' என்னும் கட்டளையால் மணியை 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை அடிக்கச் செய்யலாம். லினக்ஸில் இதனினும் நுண்ணிய கடிகாரங்கள் உண்டு. அங்கும் சாதாரண இழைகளின் விழிப்பை 50 மைக்ரோ விநாடி வரை தள்ளிப்போட இயல்பாகவே இடமளித்திருக்கிறார்கள். பல இழைகளைச் சேர்த்து எழுப்பினால் மின்சாரம் மிஞ்சும் அல்லவா!

விழித்தவுடன் இழை ஓடிவிடும் என்றும் எண்ணற்க. செயலிகள் யாவும் வேறு இழைகளிடம் இருந்தால், அது வரிசையில் நிற்கத்தான் வேண்டும். உறங்கு என்னும் கட்டளை பொதுவாகத் தரும் உறுதி, "இதற்கு முன் எழுப்பேன்" என்பதே. "இந்நேரத்தில் எழுப்புவேன்" என்பதன்று. இவ்வேற்றுமையை அறியாமல் தாளக் கருவிக்கு நிரல் எழுதினால் தாளம் தவறிவிடும்.

நிபுணர் கையாளும் வழி எளியது. 5 மில்லி விநாடி வேண்டுமெனில், மணியை விரைவுபடுத்தி 3 மட்டும் உறங்கவிடுவர். எஞ்சிய நேரம் இழை விழித்திருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அவ்வாறு விழித்திருக்கும் இழை ஒரு செயலியையே விழுங்கிவிடுகிறது. எல்லா இழைகளும் இப்படிக் காவல் காக்கத் தொடங்கினால், வேலை செய்யச் செயலி ஏது? ஆதலின் மிக அவசரமான ஓர் இழைக்கே இதனை வைத்துக்கொள்வது நன்று.

இன்னொன்று. "இன்னும் 10 மில்லி விநாடி" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால், முறைக்கு 2 தாமதமானாலும் 100 முறையில் 200 சேர்ந்துவிடும். "இன்ன நேரம் வரை" என்று கேட்டால் தாமதம் சேராது. லினக்ஸில் 'கிளாக் நானோஸ்லீப்' கட்டளை அதற்கு வழி தருகிறது.